ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் ஒரு பூனை

அந்தச் சலவைக் கடையில் அவளை எல்லோரும் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பின்கட்டில் ஜன்னலை ஒட்டி, தகரம் அடித்த நீள மேசை ஒன்று இருந்தது. அதன்மேல் மூன்று தூரிகை, ஐந்தாறு புட்டி, ஒரு மொண்ணைக் கத்தி. கறை பட்ட துணி எதுவானாலும் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் அந்த மேசையில் அவள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். பத்தொன்பது வருடமாக அங்கே நிற்கிறாள்.

துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பாள். கறையின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவுவாள். ஒரு தடவை மோந்து பார்ப்பாள். அவ்வளவுதான். என்ன சாப்பிட்டார்கள், எப்போது சிந்தியது, சிந்தியதும் தண்ணீர் விட்டுத் தேய்த்தார்களா, பயந்துபோய் ஒளித்து வைத்தார்களா என்பது வரைக்கும் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அது கடையின் சட்டம். துணியைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசக்கூடாது.

சட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. அவளுக்கு முன்னால் அந்த மேசையில் இருந்தவர் நல்ல வேலைக்காரர், வாய்தான் சும்மா இருக்காது. ஒருநாள் ஓர் அம்மாளிடம் அவள் கணவனின் சட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உதட்டுச் சாயம் சுத்தமா போயிடுச்சும்மா, உங்க நெறம் மாதிரி தெரியலையே" என்று சொல்லி வைத்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு மூட்டை, இரண்டு முகவரியிலிருந்து இரண்டு மூட்டையாக வர ஆரம்பித்தது. முதலாளிக்கு அதில் நஷ்டம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சட்டம் போட்டுவிட்டார்.

கறையக்காவுக்கு அந்தச் சட்டம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அவளுக்குப் பேச்சே வராது. கடையில் நாள் முழுக்க நாலு வார்த்தை பேசினால் அதிகம். வீட்டில் அதற்கும் வழியில்லை. மாமனார் ஒரு பெரிய கட்டடத்தில் முப்பது வருடம் லிஃப்ட் இயக்கியவர். சின்னப் பெட்டிக்குள் நின்றுகொண்டு ஏறுகிறவர்களிடமும் இறங்குகிறவர்களிடமும் பேசிப் பேசியே காலம் தள்ளியவர். கணவன் பஸ் டிரைவர். ஓட்டும்போது பேசக்கூடாது என்று தலைக்குமேல் எழுதி வைத்திருப்பதால், அன்றைய பேச்சையெல்லாம் வீட்டுக்கு மூட்டைகட்டிக் கொண்டுவருவான். இவர்கள் இருவருக்கும் மேலே, நாத்தனார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்கியவள். வாங்கியதைவிட, "கடைசித் தேதி நேத்தே முடிஞ்சுது" என்று சொல்லித் திருப்பி அனுப்பியதுதான் அதிகம். ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டாலும் ஜன்னலைக் கூடவே கொண்டுவந்துவிட்டாள் என்று மாமனார் சொல்வார், அவள் காதில் விழாத தூரத்தில் நின்று.

அந்தக் குட்டி வந்தது ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமையென்றால் ஹோட்டல்காரர்களின் மேசை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும் நாள். ஒரு மூட்டையை அவிழ்த்துக் கொட்டினபோது விரிப்புகளோடு சேர்ந்து ஏதோ உருண்டு வந்தது. சுருட்டி வைத்த காலுறை என்று நினைத்து அவள் கையை நீட்டினாள். காலுறை கத்தியது.

செம்பட்டை நிறம். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு, அதில் பாதி காது. வாலுக்குக் கீழே நடந்திருந்த விஷயத்தை அவள் ஒரே பார்வையில் படித்துவிட்டாள். இந்தக் குட்டிக்கு வயிறு சரியில்லை. இன்றைக்கு நேற்று வந்த கோளாறும் இல்லை.

"ஹோட்டல் பின்பக்கம் குப்பைத் தொட்டி இருக்குல்ல, அங்கதான் கெடந்திருக்கும். மூட்டைக்குள்ள ஏறிப் படுத்துடுச்சு" என்றார் முன்பக்கம் உட்கார்ந்து சீட்டு எழுதுபவர். முதலாளி எட்டிப் பார்த்தார், மூன்று தடவை தும்மினார்.

"எடுத்துட்டுப் போய் வந்த எடத்துலயே விட்டுருங்கப்பா. எனக்கு ஆகாது."

"நான் எடுத்துக்கறேன்."

யார் பேசியது என்று இரண்டு பேரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். கறையக்கா காது சிவக்க நின்றுகொண்டிருந்தாள். குட்டி அதற்குள் அவளுடைய மேலங்கிப் பைக்குள் இறங்கியிருந்தது.

கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் வீட்டில் எனக்கு இது வேண்டும் என்று அவள் கேட்ட முதல் பொருள் அதுதான். அதையும் அவள் வாயால் கேட்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். குட்டி அதற்காகவே காத்திருந்ததுபோல் அங்கேயே தரையில் ஒரு சொட்டு வைத்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக.

"அடடா, சொட்டு!" என்றார் மாமனார். அதுவே பெயராகிவிட்டது.

அன்றைக்கும் அடுத்த நாளும் சொட்டு போகாத இடமில்லை. சோபாவின் இடுக்கில் போனது. டிரைவரின் தொப்பிக்குள் போனது, அவன் அதைக் கவனிக்காமல் எடுத்துத் தலையில் வைத்தான். திங்கள்கிழமை, நாத்தனார் இஸ்திரி போட்டு அடுக்கிய படுக்கை விரிப்புகளின் மேலே ஏறி, அதிலும் மேலாக இருந்த வெள்ளை விரிப்பைத் தேர்ந்தெடுத்துப் போனது. கறையக்கா பின்னாலேயே குளிர்ந்த தண்ணீரும் துணியுமாக ஓடினாள். அவள் துடைத்துவிட்டுப் போன பிறகு தரை முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது என்பது வேறு விஷயம்.

"மாடி லிஃப்ட்டாவது ஏறும், எறங்கும். இதுக்கு எறக்கம் மட்டும்தான்" என்றார் மாமனார்.

நாத்தனார் அன்று சாயங்காலம் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கண்ணாடி மாட்டினால் தீர்ப்பு என்று அர்த்தம்.

"இந்தா பாரும்மா. நான் கல்நெஞ்சக்காரி இல்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இது நின்னுதுன்னா இருக்கட்டும். நிக்கலைன்னா வந்த எடத்துக்கே போகட்டும். என்ன?"

கறையக்கா கணவன் முகத்தைப் பார்ப்பாளா என்று நாத்தனார் பார்த்தாள். அவள் குட்டியைப் பார்த்தாள். அந்தக் குப்பைத் தொட்டிப் பக்கம் இந்த உடம்போடு போனால் இரண்டு நாள் தாங்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல வார்த்தை வரவில்லை. "சரிங்க அண்ணி" என்றாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மிருக டாக்டரிடம் போனாள். சின்ன வயசு டாக்டரம்மா. வெள்ளை அங்கியில் இடது பைக்குக் கீழே பழுப்பாக ஒரு அயோடின் கறை இருந்தது. கறையக்கா அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தாள்.

டாக்டரம்மா குட்டியைத் தராசில் வைத்தாள். நானூற்றைம்பது கிராம். வயிற்றை அமுக்கினாள், பல்லைப் பார்த்தாள், கழுத்துத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள்.

"என்ன குடுக்கறீங்க?"

"பால்."

"அதை மொதல்ல நிறுத்துங்க. பசும்பால் இதுக்கு ஒத்துக்காது. தோல் எடுத்த கோழிக்கறி, எண்ணெய் உப்பு எதுவும் கூடாது, சும்மா வேகவைச்சுப் பிச்சுப் போடுங்க. சின்னக் கரண்டியால ரெண்டு கரண்டி, நாளைக்கு ஆறு வேளை. நான் குடுக்கற பொடியைத் தண்ணியில கலந்து அப்பப்ப குடுங்க. வேற ஒண்ணும் வாய்ல படக்கூடாது. அப்புறம் நாளைக்குக் காலையில இது போனதும் ஒரு துணியில எடுத்துட்டு வாங்க, பூச்சி இருக்கான்னு பாக்கணும்."

வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்தாள். அவளைப் பொறுத்தவரை அது ஒரு சொற்பொழிவு. மூன்று பேரும் தலையாட்டினார்கள். "பாலா? நானா? சே சே" என்றார் மாமனார், யாரும் அவரைக் கேட்காதபோதே.

புதன்கிழமை காலை சொட்டு ஏமாற்றவில்லை. அவள் விரித்து வைத்த வெள்ளைத் துண்டின் நடுவில் தாராளமாகப் போனது. துண்டை நாலு மூலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மூடி வைக்க ஒரு பை தேடிக் குளியலறைப் பக்கம் போனாள். அங்கே குழாய் இருந்தது. பக்கத்தில் புட்டி இருந்தது. தூரிகை இருந்தது. என்ன ஆனது என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை. பத்தொன்பது வருடத்துப் பழக்கம் அவளைக் கேட்காமலேயே வேலையைப் பார்த்துவிட்டது. சுரண்டு, குளிர்ந்த தண்ணீரில் பின்பக்கமிருந்து அலசு, மருந்து விடு, ஓரத்திலிருந்து நடுவுக்குத் தேய், பிழி. துண்டை உதறி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் சரிபார்த்தபோதுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது.

"ஐயோ" என்றாள்.

"என்னாச்சு?" என்று கணவன் ஓடிவந்தான். அவள் துண்டைக் காட்டினாள். "நல்லாத்தானே இருக்கு?" என்றான்.

சொட்டிடம் வேறு சரக்கு இல்லை. தூங்கிவிட்டது. வருகிறேன் என்று சொல்லிவிட்டோமே என்று அவள் அந்தத் துண்டையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா கையுறை மாட்டி, மூக்கைத் தயாராகச் சுளித்துக்கொண்டு துண்டை விரித்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள்.

"இதுல எங்கம்மா இருக்கு?"

"இருந்துச்சு டாக்டர்."

"இப்ப?"

"போயிடுச்சு."

"ஒரு பொட்டுகூட இல்லையே!" என்று டாக்டரம்மா விளக்குக்கு நேரே பிடித்தாள். அழவேண்டிய அந்த நேரத்திலும் கறையக்காவின் முகத்தில் லேசாக ஒரு பெருமை வந்து போனது. டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள். டாக்டரம்மா சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தன் அங்கியை இழுத்துக் காட்டி, "இது போகுமா? நாலு மாசமா கெடக்கு" என்றாள்.

"வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணியில கரைச்சு விட்டா போயிடும் டாக்டர்."

டாக்டரம்மா இழுப்பறையிலிருந்து மூடியுள்ள சின்ன டப்பா ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "நாளைக்கு இதுல கொண்டு வாங்க. நீங்க எடுக்காதீங்க. உங்க கை சும்மா இருக்காது. வீட்ல வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க."

கடையில் 'கைவைக்காதே, கேட்டுச் செய்' என்ற துணிகளுக்குச் சிவப்புக் கிளிப் மாட்டுவார்கள். அதில் ஒன்றைக் கொண்டுவந்து, மறுநாள் காலையில் சொட்டின் துண்டு ஓரத்தில் மாட்டி வைத்தாள். தனக்குத்தானே மாட்டியது. காரியம் முடிந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். டிரைவர்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தான்.

"மலைப்பாதையில பிரேக் இல்லாம எறக்கியிருக்கேன், அப்பகூட இப்படி வேர்த்ததில்ல" என்றான்.

"பிரேக் இல்லாமயா எறக்கின? அதை எங்கிட்ட நீ சொல்லவேயில்லையே!" என்று உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. அந்த விசாரணை அரைமணி நேரம் நடந்தது.

பூச்சி இருந்தது. மருந்து கொடுத்தாயிற்று. இனி சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னாள். சரியாகவில்லை. வெள்ளிக்கிழமை காலையும் சொட்டு, சொட்டாகவே இருந்தது. மத்தியானம் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பி, குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். தராசு நானூற்றிருபது காட்டியது.

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள் அங்கியில் அயோடின் கறை இல்லை என்பதைக் கறையக்கா கவனித்தாள், ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை.

"மருந்து வேலை செஞ்சிருக்கணும். இன்னமும் இப்படிப் போகுதுன்னா யாரோ எதையோ குடுக்கறாங்க. இந்த வயசுல இப்படியே எடை எறங்கிட்டுப் போனா குட்டி தாங்காதும்மா. வீட்ல கேளுங்க."

கேட்பதாவது! கேட்டால் மூன்று பேரும் மூன்று திசையில் சத்தியம் பண்ணுவார்கள். வழியெல்லாம் பைக்குள் கைவிட்டுக் குட்டியின் முதுகெலும்பைத் தடவிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு கணுவாக விரலில் தட்டுப்பட்டது. ஞாயிறுக்கு இடையில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தவள் நேரே அழுக்குக் கூடையிடம் போனாள்.

கூடையைக் குளியலறைத் தரையில் கவிழ்த்தாள். வீட்டுத் துணியை அவள் இதுவரை அந்தக் கண்ணால் பார்த்ததில்லை. கடையில் பார்க்கும் பார்வையை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறவள். இன்றைக்கு அதை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். தடவினாள். மோந்தாள். சிலதை ஒரு பக்கம் வைத்தாள். அரைமணி நேரம் கழித்து எழுந்தபோது அவள் கையில் மூன்று துணி இருந்தது. பிறகு எதையோ நினைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் தொங்கிய இன்னொன்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். அதையும் சேர்த்துக்கொண்டாள்.

சாயங்காலம் மூவரும் சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது மேசையில் தட்டு இல்லை. துணிதான் விரித்திருந்தது.

"என்னம்மா இது, கடையை வீட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்றார் மாமனார்.

கறையக்கா கையைப் பிசைந்தாள். காது சிவந்தது.

"குட்டி முப்பது கிராம் எறங்கிடுச்சு. யாரோ எதையோ குடுக்கறாங்கன்னு டாக்டர் சொல்றாங்க."

"நானில்ல" என்றான் டிரைவர்.

"நானும் இல்ல" என்றார் மாமனார்.

"என்னை எதுக்குப் பாக்கறீங்க? நான் அதைத் தொடறதே இல்ல" என்றாள் நாத்தனார்.

கறையக்கா முதல் துணியை எடுத்தாள். மாமனாரின் கைக்குட்டை.

"மாமா, இது உங்களோடது. நடுவுல சுத்தமா இருக்கு. ஒரே ஒரு மூலை மட்டும் மொறமொறன்னு நிக்குது. வெறச்சு, மஞ்சளா. பால். முகம் தொடைச்சா நடுவுலதான் படும். மூலையில மட்டும் படணும்னா திரி மாதிரி முறுக்கிப் பால்ல முக்கணும். இங்க பாருங்க, நுனியில சின்னச் சின்னதா ஓட்டை. பல்லு."

மாமனார் கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார். தன் பல்லை நாக்கால் ஒரு தடவை தடவிக்கொண்டார். "என்னோடது இவ்வளவு சின்னது இல்ல" என்று ஒப்புக்கொண்டார். "ஒரு வாய்தாம்மா. கீழயிருந்து மேல பாத்துச்சு. லிஃப்ட்டுக்குள்ள நிக்கற புள்ளைங்க பாக்குமே, அந்த மாதிரி. எப்படி இல்லைன்னு சொல்றது?"

டிரைவர் வாய்விட்டுச் சிரித்தான். அவள் இரண்டாவது துணியை விரித்ததும் சிரிப்பு நின்றது. அது அவனுடைய யூனிஃபார்ம் கால்சட்டை.

"வலது பை. எண்ணெய். வெளியிலேருந்து பட்டிருந்தா மேல கருத்து உள்ள வெளுத்து இருக்கும். இது உள்ளேயிருந்து வெளியில வந்திருக்கு. காகிதத்துல சுத்தி வெச்சது, ஆனா சரியா சுத்தலை. வறுத்த மீனு." பையின் உட்புறத்தைப் புரட்டினாள். செம்பட்டை முடி நாலைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "அது தலையை உள்ள விட்டே எடுத்துத் தின்னுருக்கு."

"டிப்போ கேன்டீன்ல நல்லாப் போடுவாங்க" என்றான் அவன் மெல்லிய குரலில். "வீட்டுக்குள்ள காலை வெச்சாலே ஓடியாந்து பையை மோந்து பாக்குது. இருபது வருஷமா வரேன், இந்த வீட்ல யாரு ஓடியாந்தா?"

"எதுக்குடா ஓடியாரணும், நீ என்ன ஊருக்கா போய்ட்டு வர?" என்றாள் நாத்தனார். "பாத்தியா அப்பா? உங்க ரெண்டு பேராலயும்தான் அந்த ஜீவன் இந்தப் பாடு படுது. வயசுக்கேத்த புத்தி வேண்டாம்? நான் அப்பவே சொன்னேன்..."

கறையக்கா மூன்றாவது துணியை எடுத்தாள். பூப்போட்ட நைட்டி. அந்த வீட்டில் பூப்போட்ட நைட்டி ஒருத்திக்குத்தான் உண்டு.

அவள் அதன் கையை மேசைமேல் நீட்டி விரித்தாள்.

"அண்ணி, கோவிச்சுக்காதீங்க. இடது கை, முழங்கை மடிப்புல. கைக்குழந்தையைப் படுக்க வெச்சுக்குவோம்ல, தலை வர்ற எடம். பாலாடை. இது வெறும் பாலாடை இல்ல, ஒட்டுது. சக்கரை போட்டிருக்கு. அதோட..." அவள் தயங்கினாள். "ஒரே எடத்துல ஒண்ணுமேல ஒண்ணா நாலு தடவை. செவ்வாய், புதன், வியாழன், இன்னைக்கு."

டிரைவர் அக்காவைப் பார்த்தான். மாமனார் மகளைப் பார்த்தார். சோபாவுக்கு அடியிலிருந்து சொட்டு வெளியே வந்து, யாரையும் கவனிக்காமல், நேரே நாத்தனாரின் காலடியில் போய் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்து ஒரு குரல் கொடுத்தது. இனிமேல் சாட்சி வேண்டியதில்லை.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஞாயித்துக்கிழமை போகப்போற ஜீவன்" என்றாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "அந்தக் குப்பைத் தொட்டியாண்ட இதுக்கு என்ன கெடைக்கும்? போறதுக்குள்ள ரெண்டு வாய் ருசியா தின்னுட்டுப் போகட்டும்னு குடுத்தேன். அது தப்பா?"

"ஏம்மா, நீ குடுத்ததாலதான் அதுக்கு நிக்கலை" என்றார் மாமனார். "நிக்காததாலதான் நீ போகச் சொல்ற. போகப்போகுதுன்னுதான் நீ குடுக்கற. இது எந்த மாடியிலயும் நிக்காத லிஃப்ட்டா இருக்கே!"

டிரைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாத்தனார் அவனை அடிக்க மேசையிலிருந்த நைட்டியைச் சுருட்டி ஓங்கினாள். அப்போதுதான் கறையக்கா நாலாவது துணியை மேசையில் வைத்தாள். அவளுடைய சமையல் மேலங்கி.

"இது என்னோடது" என்றாள். "வயித்துக்கு நேரா, வட்டமா எண்ணெய்க் கறை. கோழிக் கொழுப்பு. வெறும் கறின்னு டாக்டர் சொன்னாங்க. பாவம் எளச்சுப்போச்சேன்னு நான் வெந்த தண்ணியையும் மேல இருந்த கொழுப்போட ஊத்தினேன். ரெண்டு கரண்டின்னா எனக்கு மட்டும் கரண்டி கோபுரமா வந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள எடை கூடிடணும்னு." மேலங்கியின் சுருக்கத்தைக் கையால் நீவி விட்டாள். "எனக்கு இது வேணும். எனக்கு... இது இங்கயே இருக்கணும். அதனால யாரும் ஒண்ணும் குடுக்காதீங்க. நானும் குடுக்கமாட்டேன். டாக்டர் சொன்னது மட்டும்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. சொட்டு இன்னும் நாத்தனாரையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

"என்னைப் பாக்காத" என்றாள் நாத்தனார் அதனிடம். "ஜன்னல் சாத்தியாச்சு."

அன்றிரவே புது ஏற்பாடு அமலுக்கு வந்தது. பாலும் பாலாடையும் இருந்த பாத்திரங்களின் மூடிகளில் சிவப்புக் கிளிப் ஏறியது. டிரைவர் வாசலிலேயே பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு உள்ளே வரவேண்டும். கரண்டி நாத்தனார் பொறுப்பு. இரண்டு கரண்டியைக் கத்தி முனையால் வழித்துச் சமமாக்கி, ஒரு நார் கூட, குறைய இல்லாமல் போடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை ஆறு வேளையும் கடிகாரத்தைப் பார்த்துப் போட்டாள். ஐந்து நிமிஷம் முன்னால் சொட்டு கத்தினால், "நேரம் ஆகலை, உக்காரு" என்றாள். அது உட்கார்ந்தது. அவளுடைய அலுவலக ஜன்னலுக்கு முன்னால் பொதுமக்கள் உட்கார்ந்த அதே மாதிரி.

மாமனாரைத்தான் அடக்க முடியவில்லை. கைக்குட்டையைப் பறிமுதல் செய்தபிறகு அவர் வெறும் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொட்டு அதை நக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் நக்கியது. "பாத்தியா, பாலுக்காக மட்டும் வரலை" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் சொட்டு போகவேயில்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நாலு பேரும் அது போவதற்காகக் கூடத்து மூலையில் வைத்திருந்த மண் தட்டைச் சுற்றி நடந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கறையக்கா அடுப்படியில் இருந்தாள். கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. வீடு அதிரும் குரல்.

"எல்லாரும் இங்க வாங்க! சீக்கிரம்!"

போச்சு என்று நினைத்தாள். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

மண் தட்டின் ஓரத்தில் சொட்டு ஒரு காலைத் தூக்கிக் காற்றில் மண் தள்ளிக்கொண்டிருந்தது. தட்டின் நடுவில், மூடப்படாமல், பார்வைக்கு வைத்ததுபோல், அது இருந்தது. உருண்டையாக, கெட்டியாக, கரும்பழுப்பு நிறத்தில், ஒழுங்காக. பக்கத்தில் இன்னொன்று, அதைவிடச் சின்னதாக.

மாமனார் கைதட்டினார். டிரைவர் ஹார்ன் அடிப்பதுபோல் வாயால் இரண்டு தடவை ஊதினான். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, விண்ணப்பத்தைச் சரிபார்க்கிற மாதிரி பார்த்தாள்.

கறையக்கா அதைப் பார்த்தபடியே நின்றாள். கண் நிறைந்துபோனது. அவளை அறியாமல் கை தட்டை நோக்கிப் போனது.

"தொடாத!" என்று மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். "டாக்டர் பாக்கணும்!"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அண்ணி... இன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

"அதுக்கென்ன?"

"நீங்க சொன்ன கெடு."

நாத்தனார் நிமிர்ந்தாள். நைட்டியைச் சரிசெய்துகொண்டாள். வேறு நைட்டி, கறை இல்லாதது.

"எந்தத் தேதின்னு எழுதிக் குடுத்தேனா? கையெழுத்துப் போட்டேனா? முத்திரை இருக்கா?" என்றாள். "தேதி போடாத கெடு செல்லாது. இது தெரியாம நீ ஒரு வாரமா பயந்துட்டு இருந்தியா?" என்று சொல்லிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னும் மூணு நிமிஷம் இருக்கு" என்று சொட்டிடம் சொன்னாள். சொட்டு உட்கார்ந்தது.

திங்கள்கிழமை மத்தியானம் கடையில் சீட்டு எழுதுபவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பேச்சுக்கு, "பூனைக்குட்டி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார். எப்போதும்போல் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொள்வாள் என்றுதான் கேட்டார்.

கறையக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் எப்படி இருந்தது, என்ன நிறம், எவ்வளவு தண்ணீர், வெள்ளி வரைக்கும் எப்படி மாறியது, ஞாயிற்றுக்கிழமை அது எந்த வடிவத்தில், எத்தனை கெட்டியில் வந்தது என்று கையால் அளவு காட்டி, ஒன்று விடாமல் சொன்னாள். சட்டத்தை அவள் மீறவில்லை. ஆளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சீட்டு எழுதுபவர் மூன்றாவது நிமிஷத்தில் பெட்டியை மூடினார். அவள் அதைக் கவனிக்கவில்லை. அவள் இன்னும் அன்றைய திங்கள்கிழமைக் காலைக்கு வந்து சேரவில்லை.